சென்னையில் நடந்த 'இந்திய ஒலிம்பிக்': நம் ஸ்போர்ட்ஸ் டேயின் பூர்வகதை



"மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க. வரலாறா இருக்கணும், ஆனா பாடப் புத்தகம் மாதிரி இருக்கக் கூடாது" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். பிளவக்கல்லில் மலையையும் அணையையும் பார்த்தபடி நம்மவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எப்படியும் ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்துவிடும். நூறு மீட்டரில் யார் முதலில் வந்தது, ரிலேயில் பேட்டனைக் கீழே போட்டது யார் என்பதெல்லாம் இன்றைக்கும் தீராத வழக்குகள். அந்த ஸ்போர்ட்ஸ் டே நம்மிடம் எப்படி வந்தது? சுண்ணாம்புக் கோடு, விசில், ஸ்டாப் வாட்ச், விக்டரி ஸ்டாண்டு, பி.டி. மாஸ்டர் இவையெல்லாம் நம் நாட்டில் எப்போது வேரூன்றின? அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே இந்தியாவில் 'அகில இந்திய ஒலிம்பிக் விளையாட்டுகள்' என்று ஒன்று நடந்து வந்தது. இன்று 'தேசிய விளையாட்டுப் போட்டிகள்' என்று சொல்கிறோமே, அதன் மூதாதை அதுதான். 1932-இல் அது சென்னையிலும் நடந்தது.

ஒரு நிமிஷமா, இரண்டு நிமிஷமா?

கதை புனேயில் தொடங்குகிறது. 1919-இல் அங்குள்ள டெக்கான் ஜிம்கானாவின் விளையாட்டு விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவர் சர் தோராப்ஜி டாடா. ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன். அன்று ஓடியவர்களில் பலர் சுற்றுப்பட்டு கிராமத்து உழவர்கள். காலில் செருப்புகூடக் கிடையாது. முறையான பயிற்சி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் நெடுந்தூர ஓட்டத்தில் அவர்கள் காட்டிய வேகத்தைக் கண்டு டாடா அசந்துபோனார். ஐரோப்பியர்களோடு மோதிப் பார்க்கலாமே என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பிறந்தது.

இதையொட்டி ஒரு கதை சொல்வார்கள். ஒலிம்பிக்கிற்கு ஆள் தேர்வு செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, நூறு மீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓட வேண்டும் என்று ஒருவர் கேட்டாராம். "ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஆகலாம்" என்று பதில் வந்ததாம்! விநாடியையும் விநாடியில் பங்கையும் வைத்து அளப்பார்கள் என்று விளக்கியபோது எல்லோரும் திகைத்துவிட்டார்களாம். சிரித்துவிட்டுப் போகிற கதைதான். ஆனால் நம் நிலைமை அன்று அதுதான். ஓடத் தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள். ஓட்டத்தை அளக்கத் தெரிந்தவர்கள் இல்லை.

1920-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக்கிற்கு டாடா தம் கையிலிருந்தும் பணம் போட்டு ஒரு சிறிய குழுவை அனுப்பினார். ஓட்டக்காரர்கள் பூர்மா பானர்ஜி, சௌகுலே, தாதர் ஆகிய மூவர். மல்யுத்தத்திற்கு இருவர். அந்த ஆண்டு மாரத்தான் தூரம் 42.75 கிலோமீட்டர். அதில் சௌகுலே 19-ஆவதாக வந்தார். பின்னணி எதுவுமே இல்லாமல் கப்பலேறிப் போன ஒருவர், உலகத்தின் முதல் இருபது பேருக்குள் வந்திருக்கிறார். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறி இறங்குகிற நம் சனங்களுக்கு இது ஒன்றும் வியப்பாக இருக்காது. 'நம்மாலும் முடியும் போலிருக்கே' என்று தோன்றும்.

சென்னைக்கு வந்த பக் துரை

அளக்கத் தெரிந்த ஒருவர் அதே சமயத்தில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பெயர் ஹாரி குரோ பக். அமெரிக்காவின் பென்சில்வேனியாக்காரர். கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் உடற்கல்வி படித்தவர். ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் சார்பில் 1919-இல் இந்தியாவுக்கு வந்து, 1920-இல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் பின்னர் நந்தனத்தில் அடையாற்றங்கரையில் வளர்ந்து நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. இந்தியாவில் இத்தகைய கல்லூரிகளுக்கெல்லாம் மூத்தது.

அதற்கு முன்னால் பள்ளிக்கூடங்களில் 'டிரில் மாஸ்டர்' என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து வந்தவர். பையன்களை வரிசையில் நிறுத்தி "லெஃப்ட், ரைட்" போட வைப்பதோடு அவர் வேலை முடிந்தது. பக் துரை தயார் செய்த ஆசிரியர்கள் வேறு ரகம். விளையாட்டின் விதிகளையும் உடலின் இயல்பையும் படித்தவர்கள். மைதானத்தை அளந்து கோடு போடவும், போட்டியை ஒழுங்காக நடத்தி முடிக்கவும் கற்றவர்கள். நம் கரிசல் காட்டுக் கிராமங்களில்கூட இரண்டு கம்பு நட்டு வலை கட்டி வாலிபால் ஆடுகிறார்களே, அந்த ஆட்டமும் ஒய்.எம்.சி.ஏ. வழியாக இந்தியாவில் பரவியதுதான்.

டில்லியில் தொடங்கியது

1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு முறைப்படி ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காக, அந்த ஆண்டு பிப்ரவரியில் டில்லியில் அகில இந்திய ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தன. ஓட்டம், தாண்டல், எறிதல் ஆகியவைதான் முக்கியம். மாகாணங்கள் தங்கள் வீரர்களை அனுப்பின. தேறியவர்கள் பாரிஸுக்குப் போனார்கள். அவர்களை அழைத்துச் சென்ற மேலாளர் வேறு யாருமில்லை, நம் சென்னைப் பக் துரைதான்.

அந்தக் குழுவில் 110 மீட்டர் தடை ஓட்டத்திற்குப் போனவர் சி.கே. லட்சுமணன். கண்ணூர்க்காரர். அன்று கண்ணூர் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அப்படிப் பார்த்தால் நம் மாகாணத்து ஆள்! பிற்காலத்தில் அவர் மருத்துவத் துறையில் உயர்ந்து, இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநராகவும் ஆனார். 'விளையாட்டுக்குப் போனால் படிப்பு கெட்டுப்போகும்' என்று சொல்லும் பெற்றோர்களுக்கு இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. தோராப்ஜி டாடா தலைவர். ஒய்.எம்.சி.ஏ.வின் டாக்டர் நோரென் செயலாளர். அவர்களுக்குப் பின் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைவராகவும், பஞ்சாபைச் சேர்ந்த பேராசிரியர் ஜி.டி. சோந்தி செயலாளராகவும் வந்தார்கள். அதன்பின் போட்டிகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகச் சென்றன. 1928-இல் லாகூர், 1930-இல் அலகாபாத், 1932-இல் சென்னை, 1934-இல் டில்லி, 1936-இல் மறுபடி லாகூர், 1938-இல் கல்கத்தா, 1940-இல் பம்பாய். இந்த ஊர்ப் பட்டியலைப் பாருங்கள். இன்று வேறு நாட்டில் இருக்கும் லாகூர்தான் அன்று இந்தியத் தடகளத்தின் தாய்வீடு மாதிரி இருந்திருக்கிறது.

1932, சென்னை

அந்த ஆண்டை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். ஜனவரி 4-ஆம் தேதி காந்திஜி கைதாகிவிட்டார். சட்ட மறுப்பு இயக்கம் மீண்டும் மூண்டுவிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருளுக்கு விலை இல்லை. கோயில் வாசல்கள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அடைத்தே கிடந்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939-இல்தான். அந்தக் காலத்தில் சென்னையில் இந்திய ஒலிம்பிக் நடந்தது.

நம் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போக அப்போது ரயில் வந்துவிட்டது. விருதுநகர்–தென்காசி பாதை 1927-இல் திறக்கப்பட்டதால் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ ஏறி, விருதுநகர், மதுரை, திருச்சி வழியாக எழும்பூரில் போய் இறங்கலாம். பாதை இருந்தது; டிக்கெட்டுக்குக் காசு வேண்டுமே! அந்தக் காசு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

வடக்கே ராணுவத்திலும் கல்லூரிகளிலும் ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். வங்காளத்தில் ஆங்கிலோ-இந்திய இளைஞர்கள் குறுந்தூர ஓட்டங்களில் பேர்போனவர்கள். அந்த ஆண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடிய மெர்வின் சட்டனும் ரொனால்ட் வெர்னியூவும் அப்படி வந்தவர்கள். மும்முறைத் தாண்டலுக்கு மெஹர் சந்த் தவான் போனார். ஹாக்கியில் தியான் சந்தின் அணி அமெரிக்காவை 24–1 என்று துவைத்தெடுத்துத் தங்கம் வென்றதால், தடகளக்காரர்களை ஊர் மறந்துவிட்டது. பதக்கம் இல்லையென்றால் பெயரும் இல்லை. இது இன்றைக்கும் மாறாத வழக்கம்தானே!

சென்னையில் போட்டி நடந்ததன் பலன் பதக்கப் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர்கள் பயிற்சி பெறும் நகரத்திலேயே நாட்டின் முதன்மையான போட்டியும் நடந்தது. ஹீட்ஸ் எப்படிப் பிரிப்பது, லேன் எப்படி ஒதுக்குவது, மூன்று பேர் ஒன்றாக வந்தால் யாருக்கு முதலிடம் கொடுப்பது என்பது போன்ற நுணுக்கங்கள் நம் மாகாணத்தின் கண்முன்னே நடந்து காட்டப்பட்டன. அந்தக் காலத்தில் சென்னையில் பயிற்சி பெற்றவர்களும் அவர்களுடைய மாணவர்களும்தான் மாவட்டம் மாவட்டமாகப் போய் நம் பள்ளிக்கூட மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

அன்றைய மைதானம் எப்படி இருந்தது?

இன்றைய மாணவர்கள் சிந்தெடிக் டிராக்கையும் ஸ்பைக்ஸையும் பார்த்தே வளர்ந்தவர்கள். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

நல்ல மைதானம் என்றால் கரிக்கசடைப் பொடித்துப் பரப்பி உருளை ஓட்டிய 'சிண்டர் டிராக்'. அது இல்லாத இடத்தில் புல்தரை. அதுவும் இல்லையென்றால் மண்தரை. கணக்கு பெரும்பாலும் கஜத்தில்தான். நூறு கஜம் என்பது 91.44 மீட்டர். 440 கஜம் கால் மைல். நம் பழைய ஆட்கள் இன்றும் 'நூறு கெஜ ஓட்டம்' என்று சொல்வது அதனால்தான்.

ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஸ்டார்ட்டிங் பிளாக் கிடையாது. ஒவ்வொரு ஓட்டக்காரரும் கையில் ஒரு சின்னக் கரண்டியோடு வந்து, காலை ஊன்றுவதற்குத் தரையில் இரண்டு குழி தோண்டிக்கொள்வார்! பிளாக்கை சர்வதேசத் தடகள சம்மேளனம் அனுமதித்ததே 1937-இல்தான். ஒலிம்பிக்கில் அது முதன்முதலாகப் பயன்பட்டது 1948-இல்.

உயரம் தாண்டுகிறவர் மறுபக்கம் விழுவது மணலில். மெத்தை எல்லாம் வெகுகாலத்துக்குப் பின் வந்தது. முதுகைக் கீழே கொடுத்துத் தாண்டும் இன்றைய முறையை அன்று முயன்றிருந்தால் கழுத்து முறிந்திருக்கும். ஆகவே கத்தரிக்கோல் மாதிரி காலை வீசித் தாண்டிக் காலிலேயே இறங்குவார்கள். கம்பூன்றித் தாண்டுவதற்கு மூங்கில். ஈட்டியும் மரம்தான்.

நேரம் பார்ப்பது கைக்கடிகார ஸ்டாப் வாட்ச்சில். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு வரை அளக்கலாம். நடுவரின் கட்டைவிரல் கொஞ்சம் தாமதித்தாலும் கணக்கு மாறிப்போகும். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். அவர் நேரம் 55.42, மூன்றாவதாக வந்தவரின் நேரம் 55.41. 'ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஆகலாம்' என்று சொன்ன நாடு, 65 ஆண்டுகளில் நூறில் ஒரு பங்குக்காகக் கண்ணீர் விடும் அளவுக்கு வந்துவிட்டது பாருங்கள்!

'அமெச்சூர்' என்றால் யார்?

இப்போது அந்தக் காசு விஷயத்துக்கு வருவோம். இந்தப் போட்டிகள் எல்லாம் 'அமெச்சூர்' போட்டிகள். அதாவது விளையாட்டால் காசு சம்பாதிக்காதவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 'காசுக்காக ஓடாதே, மானத்துக்காக ஓடு' என்பது போல. ஆனால் இந்த விதியின் பிறப்பைப் பார்த்தால் வேறு முகம் தெரியும். 1866-இல் இங்கிலாந்தில் உருவான அமெச்சூர் தடகளக் கழகம் கைத்தொழில் செய்பவர்களையும் கூலித் தொழிலாளிகளையும் சேர்க்கவே இல்லை. உடலுழைப்பில் வாழ்பவன் கனவானோடு சரிசமமாக ஓடக் கூடாது என்பதுதான் அதன் உட்பொருள். 1880-இல் வந்த புதிய சங்கம் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. காசு விதி மட்டும் நின்றது.

1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடியினர் ஜிம் தோர்ப். முன்னொரு காலத்தில் சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடினார் என்பதற்காக மறு வருடமே பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு திருத்தி அறிவித்தது 2022-இல். அவர் இறந்ததோ 1953-இல்! ஒன்பது தங்கம் வென்ற பின்லாந்தின் பாவோ நூர்மியையும், பயணப்படி அதிகம் வாங்கினார் என்று சொல்லி 1932 ஒலிம்பிக்கில் ஓடவிடவில்லை.

இந்த விதியை நம் ஊருக்குக் கொண்டுவந்து பொருத்திப் பாருங்கள். நம்ம பக்கம் திருவிழா என்றால் பந்தயம் இல்லாமல் இருக்காது. இளவட்டக்கல் தூக்கினால் வேட்டி துண்டு, வழுக்குமரம் ஏறினால் பணமுடிப்பு, ஓட்டத்தில் ஜெயித்தால் ஏதாவது ஒரு பாத்திரம் பண்டம். ஏழைக் குடும்பத்துப் பையனுக்கு அந்தப் பரிசு ஒரு வாரச் சாப்பாடு. பணமுடிப்பைக் கை நீட்டி வாங்கிவிட்டால் விதிப்படி அவன் அமெச்சூர் இல்லை. வாங்காமல் விட்டால் வயிற்றுக்கு என்ன செய்வான்? சென்னைக்கு ரயில் டிக்கெட், தங்குமிடம், வேலைக்குப் போகாத நாட்களின் கூலி இதையெல்லாம் யார் கொடுப்பார்? ஆகவேதான் பட்டாளம், ரயில்வே, போலீஸ், கல்லூரி என்று ஏதாவது ஒரு நிழல் இருந்தவர்களால் மட்டும் தேசியப் போட்டி வரை வர முடிந்தது. ஓட்டக்காரர்களைப் புனே கிராமத்து வயலில் கண்டுபிடித்தார்கள். ஆனால் வயலில் இருந்தவனுக்கு வழி விடவில்லை.

சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு பெருமை உண்டு. கோயிலிலும் கிணற்றடியிலும் டீக்கடையிலும் ஆள் பார்த்து இடம் ஒதுக்கிய காலத்தில், எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஒரே துப்பாக்கிச் சத்தத்துக்கு ஓடலாம் என்று சொன்னது அந்தக் கோடுதான். ஸ்டாப் வாட்ச் யாருடைய ஊர், யாருடைய தெரு என்று கேட்பதில்லை. அதை நாம் மறக்கக் கூடாது. அதே சமயம், அந்தக் கோடு வரைக்கும் வந்து சேர ஒருவனுக்கு என்ன செலவாகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஒலிம்பிக் சாசனத்திலிருந்து 'அமெச்சூர்' என்ற சொல் 1974-இல் நீக்கப்பட்டது. செலவு மட்டும் நீங்கவில்லை.

பின்னால் நடந்தவை

1934-இல் டில்லியில் சோந்தியின் முயற்சியால் மேற்கு ஆசிய விளையாட்டுகள் நடந்தன. இந்தியா, ஆப்கானிஸ்தான், பாலஸ்தீனம், இலங்கை ஆகிய நான்கும் கலந்துகொண்டன. 1951-இல் அதே டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடக்க அதுவே முன்னோடி. இந்திய ஒலிம்பிக் விளையாட்டுகள் 1940 பம்பாய்ப் போட்டியிலிருந்து 'தேசிய விளையாட்டுகள்' என்று பெயர் மாறின. பக் துரை 1943-இல் காலமானார். தடகளத்துக்கென்று தனி சம்மேளனம் 1946-இல் ஏற்பட்டது.

பெண்களுக்கு வாசல் திறக்க இன்னும் நாளாயிற்று. ஒலிம்பிக் தடகளத்தில் இந்தியப் பெண்கள் முதன்முதலாக ஓடியது 1952 ஹெல்சிங்கியில். நீலிமா கோஷ், மேரி டிசூசா என்ற இருவர். தடகளத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் 2021-இல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா எறிந்த ஈட்டியில் வந்தது. தூரம் 87.58 மீட்டர்.

அதே டோக்கியோவில் கலப்பு 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடியவர் ரேவதி வீரமணி. நமக்குப் பக்கத்து மதுரை மாவட்டம், சக்கிமங்கலம். பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். ஆரம்பத்தில் வெறுங்காலோடுதான் ஓடினார். அவருடைய திறமையைக் கண்டு, வீட்டாரிடம் பேசிச் சம்மதிக்க வைத்துப் பயிற்சி கொடுத்தவர் பயிற்சியாளர் கண்ணன். 1919-இல் புனேயில் டாடா கண்ட வெறுங்கால்கள் நூறு வருஷம் கழித்தும் நம் பக்கத்து ஊரில் ஓடிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை அந்தக் கால்களைப் பார்க்க ஒரு ஆள் இருந்தார். வித்தியாசம் அங்கேதான்.

நாம் செய்யக் கூடியது

இந்த வரலாற்றில் நான் பெரிதாக நினைப்பது அந்தப் பார்க்கிற ஆளைத்தான். மகாராஜாக்களின் கோப்பைகள் எங்கெங்கோ போயிருக்கும். பள்ளிக்கொரு உடற்கல்வி ஆசிரியர் என்ற ஏற்பாடு நின்றுவிட்டது. வத்திராயிருப்புப் பக்கத்துப் பையன் வேகமாக ஓடுகிறான் என்று ஊருக்கே தெரியலாம். அது 11.2 விநாடி என்று சொல்ல ஒருவர் வேண்டும். சொன்ன பிறகு அவனை மாவட்டப் போட்டிக்கு அழைத்துப்போகவும் அவரே வேண்டும். பல பி.டி. மாஸ்டர்கள் சொந்தக் காசில் பஸ் டிக்கெட்டும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்துத்தான் அழைத்துப் போனார்கள். நம்மில் சிலர் அந்தப் பரோட்டாவைச் சாப்பிட்டவர்கள்தானே!

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஆசிரியர்களாக இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கு முதலாவது: பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் கடன் வாங்குகிறோமே, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தராத கடன் அது. சங்கத்துக்கு இரண்டாவது: நிதியில் ஒரு சிறு பங்கை ஓடுகிற பிள்ளைகளின் ஷூவுக்கும் பஸ் செலவுக்கும் முட்டைக்கும் ஒதுக்குங்கள். கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. கேட்கக் கூச்சப்படுகிறவர்களை உடற்கல்வி இயக்குநரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, அடுத்த ஸ்போர்ட்ஸ் டேயில் "ஆன் யுவர் மார்க்" என்ற குரல் கேட்டுக் குனியும்போது உங்கள் விரல் படுகிற அந்தச் சுண்ணாம்புக் கோட்டை ஒரு கணம் பாருங்கள். அந்தக் கோடு நம் மண்ணுக்கு வந்து சேரப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். அதில் நிற்க உங்களுக்கு உரிமை உண்டு. பக்கத்து லேனில் நிற்கிறவருக்கும் அதே உரிமை உண்டு.

அனைவருக்கும் சந்திப்பு நல்வாழ்த்துகள்!